மஞ்சளும் நீலமும்: ஒரு நெசவாளர் வீட்டு ஐ.பி.எல். கதை

காஞ்சிபுரத்துக்காரர்களுக்குக் கட்சி கட்ட யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. பெரிய காஞ்சிபுரம் என்றால் ஏகாம்பரநாதர், சின்ன காஞ்சிபுரம் என்றால் வரதர். கோயில் யானைக்கு வடகலை நாமமா, தென்கலை நாமமா என்று கோர்ட் படியேறிய கதையைத் தாத்தாக்கள் சொல்லக் கேட்டு வளர்ந்த ஊர் இது. அப்பா காலத்தில் எம்.ஜி.ஆர்., சிவாஜி. தம்பி காலத்தில் ரஜினி, கமல். 2008-ல் ஐ.பி.எல். வந்தபோது, எங்கள் வீட்டுக்கும் ஒரு சண்டை வந்து சேர்ந்தது. அப்பா சென்னை சூப்பர் கிங்ஸ். தம்பி மும்பை இந்தியன்ஸ்.

"ஒரே வீட்டுல எப்படிக்கா?" என்று அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். எங்கள் பிள்ளையார்பாளையம் தெருவில் முக்கால்வாசி வீடு மஞ்சள். அதில் நீலச் சட்டை போட்டுக்கொண்டு ஒருவன் திரிந்தால் கேட்கத்தானே செய்வார்கள்?

எனக்கு இதில் பெரிய ஈடுபாடு கிடையாது. நான் கல்யாணமாகிச் சின்ன காஞ்சிபுரத்துக்குப் போய்விட்டவள். ஆனால், சென்னைக்கும் மும்பைக்கும் மேட்ச் என்றால் அம்மாவிடமிருந்து போன் வந்துவிடும். "இன்னைக்கு ரெண்டுத்துக்கும் முட்டிக்கும். நீ கொஞ்சம் வந்துட்டுப் போம்மா." அப்படி அம்பயர் வேலைக்குப் போய்ப் போய்த்தான் கிரிக்கெட் கற்றுக்கொண்டேன்.

தறியும் ரேடியோவும்

அப்பா பட்டு நெசவாளர். பத்து வயதில் தறியில் உட்கார்ந்தவர். தறி ஓட்டுகிறவருக்குக் கையும் காலும் கண்ணும் வேலையில் இருக்கும். காது மட்டும் சும்மா இருக்கும். அந்தக் காதுக்கு ரேடியோ. சேப்பாக்கத்தில் பொங்கல் டெஸ்ட் நடந்தால், அப்துல் ஜப்பாரின் தமிழ் வர்ணனை எங்கள் வீட்டுத் தறிக்கு மேலே ஆணியில் தொங்கும். விக்கெட் விழுந்தால் தறிச் சத்தம் ஒரு நொடி நிற்கும். அடுப்படியிலிருந்தே அம்மா, "யாரு அவுட்டு?" என்பார்.

தம்பிக்கு அந்த ரேடியோ கிடையாது. அவனுக்கு டி.வி., டி.வி-யில் சச்சின். 1998-ல் ஷார்ஜாவில் அடித்த இரண்டு சதங்களும் அவனுக்குப் பந்துக்குப் பந்து தெரியும். 1999 ஜனவரி கடைசியில் சேப்பாக்கத்தில் பாகிஸ்தானோடு டெஸ்ட். முதுகு வலியோடு சச்சின் 136 அடித்து அவுட் ஆக, வெறும் 12 ரன்னில் இந்தியா தோற்றது. அன்று தம்பி சாப்பிடவில்லை. அப்பாவோ, ஜெயித்த பாகிஸ்தான்காரர்களுக்குச் சென்னை ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டியதைப் பார்த்துவிட்டு, "இதுடா ஊரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

இப்போது யோசித்தால், இரண்டு பேரும் எந்தப் பக்கம் போவார்கள் என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது. அப்பாவுக்கு ஊர். தம்பிக்கு ஆள். 2008-ல் சச்சின் மும்பைக்கு ஆடினார், தம்பியும் மும்பைக்குப் போனான்.

சூரத் சரிகை, ராஞ்சி தோனி

அப்பாவை மடக்க தம்பியிடம் ஒரு கேள்வி எப்போதும் தயாராக இருக்கும். "ஊரு ஊருன்றீங்களே, தோனி என்ன ஓரிக்கையிலயா பொறந்தாரு? ராஞ்சிப்பா. ஹேடன் ஆஸ்திரேலியா, முரளி இலங்கை. இதுல எங்க இருக்குது உங்க சென்னை?"

முதல் வருடம் அப்பா பதில் சொல்லவில்லை. இரண்டாவது வருடமோ என்னவோ, பாவு நூலைச் சரிபார்த்துக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்.

"பட்டு நூலு கர்நாடகாவுல இருந்து வருது. சரிகை சூரத்துல இருந்து வருது. நெய்யறது காஞ்சிபுரத்துல. அதை ஊரு உலகமே காஞ்சிப் பட்டுன்னுதானே சொல்லுது?"

இதற்குத் தம்பியிடம் இன்றுவரை பதில் இல்லை. ஆனாலும் அவன் அணி மாறவில்லை. வாதத்தில் தோற்றால் மாறிவிட இது என்ன பட்டிமன்றமா?

2010 இறுதிப் போட்டி நவி மும்பையில். கையில் காயத்தோடு ஆடி சச்சின் 48 அடித்தும், சென்னை 22 ரன்னில் ஜெயித்தது. அப்பா தெருவுக்கே கல்கண்டு கொடுத்தார். தம்பியின் கையிலும் ஒன்றைத் திணித்தார். அவன் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான், சாப்பிடவில்லை.

அதற்கடுத்த வருடம், அவன் தறியை விட்டான். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் வேலை. தெருமுனைக்கே கம்பெனி பஸ் வரும், மாதம் பிறந்தால் சம்பளம் வரும், பி.எஃப். உண்டு. தறியில் புடவை முடிந்தால்தான் கூலி. அதுவும் பாவு கிடைக்காத மாதங்களில் வெறும் கை. கைக்குழந்தையோடு இருந்தவன் வேறு என்ன முடிவு எடுப்பான்? எங்கள் தெருவில் அவன் வயதுப் பையன்கள் ஒவ்வொருவராக அந்த பஸ்ஸில்தான் ஏறினார்கள். அப்பாவுக்கும் இது தெரியும். "போடா" என்று அவர்தான் சொன்னார். ஆனால், அவன் உட்கார்ந்த இரண்டாவது தறியைப் பிரித்து விறகுக் கடைக்காரர் ஏற்றிப்போன அன்று, அவர் வீட்டில் இல்லை. இருட்டிய பிறகுதான் வந்தார்.

அதற்கப்புறம் மேட்ச் சண்டையின் ருசி கொஞ்சம் மாறிவிட்டது. 2013 இறுதியில் கொல்கத்தாவில் மும்பை 23 ரன்னில் ஜெயித்தது. அன்றைக்கே சச்சின் ஐ.பி.எல்-லிலிருந்து விலகுவதாகச் சொல்லிவிட்டார். "உன் ஆளே போயிட்டாரு, இன்னும் அங்க உனக்கு இன்னாடா?" என்று அப்பா கேட்டார். "பழகிடுச்சுப்பா" என்றான் அவன். கிரிக்கெட்டைப் பற்றித்தான் பேசுகிறார்களா என்று எனக்கும் அம்மாவுக்கும் சந்தேகம்.

நடை சாத்திய இரண்டு வருடம்

2015 மே மாதம் கொல்கத்தாவில் மறுபடியும் மும்பை, இந்த முறை 41 ரன். அதைவிடப் பெரிய இடி ஜூலை 14 அன்று விழுந்தது. சூதாட்ட விவகாரத்தில், நீதிபதி லோதா குழு சென்னைக்கும் ராஜஸ்தானுக்கும் இரண்டு வருடத் தடை விதித்தது.

தம்பி அன்று கிண்டல் பண்ணவில்லை. பண்ணியிருந்தால்கூட அப்பாவுக்குத் தேவலாம் போல இருந்திருக்கும்.

2016, 2017 இரண்டு வருடமும் அப்பா ஐ.பி.எல். பார்க்கவில்லை. தோனி புனே அணிக்கு ஆடினார். "தோனிக்காக பார்க்கலாமேப்பா?" என்று கேட்டேன்.

"கோயில் நடை சாத்தியிருந்தா வெளியிலதான் உக்காரணும். எதிர்ல ஹோட்டல் தொறந்திருக்குதுன்னு போயிட முடியுமா?"

2017 இறுதியில் அந்தப் புனே அணி, ஹைதராபாத்தில் மும்பையிடம் ஒரே ஒரு ரன்னில் தோற்றது. அப்பா பார்க்கவில்லை என்றுதான் சொன்னார். ஆனால், மறுநாள் காலை பால்காரரிடம் கடைசி ஓவரைப் பற்றி விவரமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

2018 ஏப்ரல் 7-ல் தடை முடிந்து சென்னை ஆடிய முதல் மேட்ச்சே வான்கடேயில், மும்பையோடு. கிட்டத்தட்டத் தோற்றுவிட்ட மேட்ச். பிராவோ 30 பந்தில் 68 அடித்தார், ஒரு விக்கெட்டில் வெற்றி. அப்பா எழுந்து நின்று விசில் அடிக்கப் பார்த்தார். பல் செட் கழன்று வந்துவிட்டது. அம்மா சிரித்த சிரிப்பில் தம்பியும் சிரித்துவிட்டான். காவிரிப் போராட்டத்தால் அந்த வருடம் சேப்பாக்கத்தில் ஒரு மேட்ச்தான் நடந்தது. மற்றவை புனேவுக்குப் போயின. ரசிகர்கள் தனி ரயில் பிடித்து அங்கே போனதைப் பேப்பரில் பார்த்துவிட்டு, "எனக்கு ஒரு இருபது வயசு கம்மியா இருந்தா…" என்று இழுத்தார். அந்த வருடக் கோப்பை சென்னைக்கு.

ஒரு முழங்கால்

2019 மே 12, ஹைதராபாத். மறுபடியும் சென்னை, மும்பை இறுதிப் போட்டி. மும்பை 149. வாட்சன் ஒற்றை ஆளாக 80 அடித்துக் கடைசி ஓவரில் ரன் அவுட். கடைசிப் பந்தில் இரண்டு ரன் வேண்டும். மலிங்கா போட்டார், ஷர்துல் தாக்கூர் எல்.பி.டபிள்யூ. மறுபடியும் ஒரு ரன்!

தம்பி துள்ளிக் குதித்தான். நடு ராத்திரி. வாசலுக்கு ஓடித் தெருவே கேட்கிற மாதிரி கத்தினான். உள்ளே வந்தபோது அப்பா டி.வி-யை அணைத்திருந்தார். அவனைப் பார்க்காமலே சொன்னார்:

"தறியை உட்டுட்டுப் போனவன்தானே. உனக்கு எதுதான் சொந்தம்?"

எட்டு வருடமாகத் தொண்டையில் நின்ற வார்த்தை. ஒரு ரன் தோல்வியில் வெளியே வந்துவிட்டது. தம்பி பதில் பேசவில்லை. தூங்கிக்கொண்டிருந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு, மனைவியை பைக்கில் ஏற்றிக்கொண்டு, சுங்குவார்சத்திரத்தில் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு அந்த நேரத்திலேயே கிளம்பிப் போய்விட்டான். அம்மா வாசற்படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் என் வாட்ஸ்அப்புக்குத் தம்பியிடமிருந்து ஒரு படம் வந்தது. ஹர்பஜன் சிங் வெளியிட்டு ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்த படம். வாட்சனின் இடது முழங்காலில், மஞ்சள் பேன்ட் ரத்தத்தில் நனைந்திருக்கிறது. யாரிடமும் சொல்லாமல் அந்தக் காலோடு ஆடியிருக்கிறார். மேட்ச் முடிந்து ஆறு தையல். படத்துக்குக் கீழே தம்பி ஒரே வரி எழுதியிருந்தான். 'அப்பாகிட்ட காட்டு.'

காட்டினேன். அப்பா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, படத்தைப் பெரிதாக்கச் சொல்லி ரொம்ப நேரம் பார்த்தார். குழித்தறியில் அறுபது வருடமாக மிதித்த கால் அவருடையது. மழைக்காலத்தில் அவருடைய முழங்கால் படும்பாடு வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

"இதை யாரு அனுப்பினது?"

"தம்பிதான்."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தறிக்குப் போய்விட்டார்.

தம்பி அதன்பிறகு வீட்டுக்கு வரவில்லை. அவனை வரவழைத்தது அத்திவரதர்தான். 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை, நாற்பது வருடத்துக்கு ஒருமுறை குளத்திலிருந்து வெளியே வரும் தரிசனம். ஊரே மூச்சுமுட்டியது. எங்கள் வீட்டில் எங்கெங்கிருந்தோ சொந்தக்காரர்கள். கூடத்தில் படுக்க இடமில்லை. தரிசனத்துக்காக மனைவி, மகளோடு வந்த தம்பிக்குக் கிடைத்த இடம் தறிக் கொட்டகை. அப்பாவும் அங்கேதான் படுத்திருந்தார். ராத்திரி தண்ணீர் வைக்கப் போனபோது பேச்சுக்குரல் கேட்டது.

1979-ல் தான் தரிசனம் பார்த்த கதையை அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது அவருக்கு 27 வயதாம். சொல்லிவிட்டு, "அடுத்தது 2059. நான் இருக்க மாட்டேன். நீ இருப்பே. உன் பொண்ணு, பேரன் பேத்தியெல்லாம் கூட்டிக்கினு வா" என்றார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் அப்பாவே, "அப்பவும் உங்க டீமு ஒரு ரன்லதான் ஜெயிச்சிருக்கும்" என்றார். தம்பி சிரித்தது எனக்குக் கேட்டது. தண்ணீர்ச் சொம்பை வாசற்படியிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

பாஸ்டனில் 86 வருடம்

என் மகள் மேல்படிப்புக்கு அமெரிக்காவில் பாஸ்டன் போனாள். அங்கே பேஸ்பாலில் இதே கதையாம். பாஸ்டன் ரெட் சாக்ஸ், நியூயார்க் யாங்கீஸ். 'எந்த டீம்?' என்று கேட்டுவிட்டுத்தான் சிலர் பேசவே ஆரம்பிக்கிறார்களாம்.

பேப் ரூத் என்று ஒரு பெரிய ஆட்டக்காரரை, 1920 வாக்கில் பாஸ்டன்காரர்கள் நியூயார்க்குக்கு விற்றுவிட்டார்கள். அதற்குப்பின் யாங்கீஸ் கோப்பைகளாகக் குவிக்க, 1918-ல் ஜெயித்த ரெட் சாக்ஸ் அடுத்த கோப்பையைத் தொட்டது 2004-ல்தான். அதுவும் எப்படி? இறுதிக்கு முந்தைய சுற்றில் அதே யாங்கீஸிடம் வரிசையாக மூன்று ஆட்டம் தோற்று, பிறகு நான்கையும் ஜெயித்து மேலே போனார்கள். கோப்பை வந்ததும் நிறையப் பேர் கொடியையும் பேப்பரையும் எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போனார்களாம், அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் சேதி சொல்ல.

வீடியோ காலில் பேத்தி சொன்னதை அப்பா வாய் திறக்காமல் கேட்டார். "86 வருசமா…" என்றார். "பார்க்காமலே போனவங்க எத்தனை பேரு!" பிறகு, "நமக்குப் பரவாயில்லை. அஞ்சு பார்த்துட்டோம்" என்றார்.

ஐந்தாவது கோப்பை அப்போதுதான் வந்திருந்தது. 2023, அகமதாபாத். மழையால் ஆட்டம் நள்ளிரவைத் தாண்டி மே 30-க்குள் போய்விட்டது. கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் வேண்டும். ஜடேஜா ஒரு சிக்ஸர், ஒரு ஃபோர். மும்பையிடமும் ஐந்து, சென்னையிடமும் ஐந்து. அன்று ராத்திரி ஷிஃப்டில் இருந்த தம்பிதான் முதலில் போன் செய்தான். "வாழ்த்துகள்பா. இப்ப சமம்."

யார் அந்த எம்.எஸ்.?

2024-ல் தம்பி மகளுக்கு மஞ்சள் நீராட்டு வைத்தார்கள். அப்பாவுக்குக் கண் மங்க ஆரம்பித்திருந்தது. இதுதான் தான் நெய்கிற கடைசிப் புடவை என்று சொல்லிவிட்டார். நிறம் என்ன? மாம்பழ மஞ்சள் உடல் என்று அப்பா ஆரம்பிக்க, கரை நீலம்தான் என்றான் தம்பி.

"எம்.எஸ். நீலம் போட்டுடலாம்" என்றார் அப்பா.

"எம்.எஸ்-ஸா? தோனி எப்ப தாத்தா நீலத்துக்கு மாறினாரு?" என்றாள் தம்பி மகள். வீடே சிரித்தது. எம்.எஸ். சுப்புலட்சுமிக்காகக் காஞ்சிபுரம் முத்துச் செட்டியார் தறியில் பிறந்த நீலம் அது என்று அப்பா விளக்க வேண்டியதாயிற்று. அந்தக் குட்டியோ கோலி ரசிகை, பெங்களூரு கட்சி. "அப்ப முந்தி எனக்கு சிவப்பு" என்று ஒரே பிடிவாதம். முந்திக்கு வேறு நிறம் என்றால் பாவு நூலையே மாற்றி இணைக்க வேண்டும். கண் மங்கியவருக்கு லேசான வேலையா? "போட்டுடலாம்" என்றார்.

உடலும் கரையும் வேறு வேறு நிறம் என்றால் கோர்வை போட வேண்டும். நெய்கிறவர் ஒரு நாடா விட, பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு இன்னொரு நாடா விட ஒரு ஆள் தேவை. இரண்டு நிற நூலும் சேருமிடத்தில் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள வேண்டும். விட்டால் புடவை பிரியும். இப்போதெல்லாம் அந்த வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை. தம்பி வாராவாரம் விடுமுறை நாளில் வந்து உட்கார்ந்தான். பதிமூன்று வருடம் கழித்து! முதல் நாள் இரண்டு முறை நூல் அறுத்தான். அப்பா ஒன்றும் சொல்லாமல் முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். மூன்றாவது வாரம் கை தானாக ஓடியது.

அந்த மே 18-ல் பெங்களூரு சென்னையை 27 ரன்னில் தோற்கடித்து வெளியே அனுப்பியது. 17 ரன்னுக்குள் தோற்றிருந்தால்கூட சென்னை உள்ளே போயிருக்கும். பேத்தி துள்ள, தாத்தா, "உன் முந்தியை அறுத்துடுவேன்" என்று மிரட்ட, அம்மா எப்போதும் சொல்வதையே சொன்னார். "யாரு ஜெயிச்சா இன்னா, மாவு புளிச்சிடும். சாப்பிட வாங்க."

போன வருடம், 2025-ல், சென்னை முதல்முறையாகப் பத்தாவது இடம், கடைசி. தெருவில் எல்லா வீட்டிலும் டி.வி. சீக்கிரமே அணைந்தது. எங்கள் வீட்டில் அணையவில்லை. கண் ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு அப்பா கடைசி மேட்ச்வரை பார்த்தார். பக்கத்தில் தம்பி.

"ஏன்டா, ஒரு கிண்டலும் காணோம்?"

"நீங்க கீழ கிடந்தா எங்களுக்கு யாருகூடப்பா சண்டை?"

ஜூன் 3-ல் பெங்களூரு 18 வருடத்தில் முதல் கோப்பையை வென்றது. தம்பி மகள் அழுதுகொண்டே ஆடினாள். மறுநாள் மாலை, சின்னசாமி ஸ்டேடியம் வாசலில் கொண்டாட்டக் கூட்ட நெரிசலில் 11 பேர் இறந்துபோனார்கள். கோப்பையைப் பார்க்கப் போனவர்கள். அந்தக் குழந்தை பேசாமல் மூலையில் உட்கார்ந்துவிட்டாள். தன் அணி ஜெயித்ததற்குச் சந்தோஷப்பட்டதே தப்போ என்று கேட்டாள்.

"சந்தோஷப்பட்டதுல தப்பே இல்லை" என்றார் அப்பா, அவள் தலையைத் தடவிக்கொண்டே. "டீமை நமக்குத் தெரியும்டா கண்ணு. டீமுக்கு நம்மளைத் தெரியாது. வீட்டுல இருக்கறவங்களுக்குத்தான் தெரியும். அதை மட்டும் மறக்காம எவ்ளோ வேணாலும் கத்து."

அறையின் இன்னொரு பக்கத்தில் உட்கார்ந்து தம்பி இதைக் கேட்டுக்கொண்டிருந்தான். அப்பா யாருக்குச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த சென்னை, மும்பை மேட்ச்சுக்கும் அம்மா எனக்குப் போன் செய்வார். இப்போதெல்லாம் அம்பயருக்கு அங்கே வேலை இல்லை. இட்லிக்கு மாவு அரைக்கத்தான் ஒரு ஆள் தேவைப்படுகிறது.